கழுத்து ஊசியும் கூட்டு மருந்தும்

மூளைக்குப் போகும் ரத்தக் குழாயைப் படம் எடுக்க வேண்டுமென்றால், நான் தொழில் கற்ற காலத்தில் கழுத்தில்தான் ஊசி குத்துவார்கள். இப்போது படித்துவிட்டு வருகிற பிள்ளைகளிடம் சொன்னால், "சும்மா சொல்லாதீங்க மேடம்" என்கிறார்கள். நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து, தோளுக்கு அடியில் தலையணை கொடுத்துத் தலையைப் பின்னால் சாய்ப்போம். தொண்டைக்குப் பக்கத்தில் துடிக்கிற கரோடிட் தமனியை டாக்டர் இரண்டு விரலால் நகராமல் பிடித்துக்கொண்டு ஊசியை இறக்குவார். சரியாக இறங்கினால் பளீர் சிவப்பில் ரத்தம் பீச்சும். உடனே ட்யூபை மாட்டி, கான்ரே மருந்தைக் கையாலேயே வேகமாக அழுத்திக்கொண்டு "எடு" என்பார். அவர் வாய் மூடுவதற்குள் முதல் படம் விழுந்திருக்க வேண்டும். தமனி, நுண்குழாய், சிரை என்று அந்த மருந்து ஏழெட்டு நொடிக்குள் மூளையைக் கடந்துவிடும். அதற்குள் கேசட்டை இழுத்து, அடுத்ததைத் தள்ளி, மறுபடி இழுத்துத் தள்ள வேண்டும். தள்ளுகிறவர் கை தடுமாறினால் இன்னொரு தடவை மருந்து. முகத்தில் அந்தப் பக்கம் முழுக்க எரிகிறது என்று நோயாளி கத்துவார். டார்க் ரூமில் டெவலப்பரிலிருந்து ஃபிலிமைத் தூக்கி ஹைப்போவில் போட்டுப் பார்க்கும் வரை, குழாய் படத்தில் விழுந்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியாது.

நான் புவனகிரிப் பக்கத்துக்காரி. சென்னைப் பொது மருத்துவமனை வளாகத்தில் இருக்கிற பர்னார்டு கதிரியக்க நிலையத்தில் தொழில் கற்றேன். 1934-இல் திறந்த கட்டடம் அது. அதற்குக் கேப்டன் பர்னார்டு என்ற வெள்ளைக்காரரின் பெயர். படித்து முடித்து ஊர்ப்பக்கம் திரும்பி, சிதம்பரத்திலும் கடலூரிலும் தனியார் ஸ்கேன் சென்டர்களில் ரேடியோகிராஃபராக வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். எங்கள் தொழிலுக்கு யாரும் வரலாறு எழுதுவதில்லை. படத்தைப் படித்துச் சொல்கிற டாக்டருக்குப் பெயர் உண்டு, படம் எடுத்தவருக்குக் கிடையாது. அது கிடக்கட்டும். இங்கே நான் எழுத நினைப்பது எச்.ஐ.வி. வந்து, மருந்து சாப்பிட்டு, பிழைத்து, இப்போது ஐம்பதைத் தாண்டுகிற எங்கள் மாவட்டத்து மனிதர்களின் மறதியைப் பற்றி. அந்த மறதியின் வரலாறும் எங்கள் தொழிலின் வரலாறும் ஒரே வளாகத்தில் சில நூறு அடி தூரத்தில் நடந்தன. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ள ரொம்ப நாளாயிற்று.

முதலில் எங்கள் கதை. மூளையின் அடியில் தமனிகள் ஒரு வளையமாகக் கூடியிருக்கின்றன. 1664-இல் தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் தன் புத்தகத்தில் அதை விவரித்தார். அதற்குப் படம் வரைந்தவர், பின்னாளில் லண்டன் செயின்ட் பால் கதீட்ரலைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென். அவர்கள் பார்த்தது இறந்தவர்களின் மூளை. உயிரோடிருப்பவரின் மூளைக் குழாயைப் பார்க்க 1927 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. லிஸ்பன் நகரத்தில் எகாஸ் மோனிஸ் கழுத்துத் தமனியில் மருந்தைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார். முதலில் அவர் பயன்படுத்திய ஸ்ட்ரான்சியம் புரோமைடில் ஒரு நோயாளி இறந்தே போனார். சோடியம் அயோடைடுக்கு மாறிய பிறகுதான் படம் விழுந்தது. இவ்வளவு பெரிய காரியம் செய்த மனிதருக்கு நோபல் பரிசு கிடைத்தது வேறொன்றுக்கு: மனநோயாளிகளின் மூளை இழைகளை வெட்டிவிடும் அறுவைக்கு. உலகம் எதைப் பாராட்டும் என்று சொல்ல முடியாது.

தமிழ்நாட்டுக்கு இந்த வித்தை நரம்பியல் அறுவையோடு சேர்ந்து வந்தது. 1949-இல் வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் ஜேக்கப் சாண்டி துறையைத் தொடங்கினார். மறு வருஷம் சென்னைப் பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி. அப்போது மூளையைப் பார்க்க இருந்த வழிகள் இரண்டு. ஒன்று கழுத்து ஊசி. இன்னொன்று முதுகுத்தண்டு வழியாகக் காற்றை ஏற்றி எடுக்கும் படம். அமெரிக்காவில் வால்டர் டேண்டி 1919-இல் கண்டுபிடித்தது. காற்றுப் படம் எடுத்த நோயாளி தலையைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் வாந்தி எடுப்பார் என்று எனக்கு மூத்தவர்கள் சொல்வார்கள். நான் போன காலத்தில் அது வழக்கொழிந்துவிட்டது. தொடை வழியாக மெல்லிய குழாயை ஏற்றும் செல்டிங்கர் முறையும் வந்திருந்தது. பழைய கைகள் மட்டும் கழுத்தை விடவில்லை.

அதே வளாகத்தில், சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் துறையில், 1985 கடைசியிலும் 86 தொடக்கத்திலும் நடந்ததை நாடே பிறகு தெரிந்துகொண்டது. பேராசிரியர் சுனிதி சாலமன் தன் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம், சென்னையில் எச்.ஐ.வி. இருக்கிறதா பார் என்று ஆய்வுத் தலைப்புக் கொடுத்தார். இந்தியாவுக்கு அந்த நோய் வராது என்று பெரிய பெரிய ஆட்களே பேசிக்கொண்டிருந்த நேரம். நிர்மலா, கணவர் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட, காப்பகங்களில் இருந்த பாலியல் தொழிலாளிப் பெண்களிடம் ரத்தம் எடுத்தார். கையுறைகூட இல்லை. சாம்பிளை வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்தார். சென்னையில் சோதிக்க வசதியில்லாததால் பிப்ரவரியில் ராத்திரி ரயிலேறி வேலூருக்கு, டாக்டர் ஜேக்கப் ஜானின் ஆய்வகத்துக்குக் கொண்டு போனார். 80-க்கு மேற்பட்ட சாம்பிள்களில் 6 மஞ்சளாக மாறின. தொற்று இருப்பதன் அடையாளம் அது. அமெரிக்காவில் உறுதி செய்த பிறகு, மே மாதம் சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார்.

அந்தச் செய்தி வந்த பிறகு எங்கள் பக்கத்தில் நடந்தது பயம்தான். ஒரு நோயாளிக்குக் கழுத்தில் ஊசி குத்துவதென்றால் ரத்தம் பீச்சுவது நிச்சயம். அதுவரைக்கும் கையில் பட்டால் பஞ்சால் துடைத்துவிட்டு அடுத்த கேசட்டைத் தள்ளியவர்கள் நாங்கள். பிறகு யார் ரத்தம், என்ன ரத்தம் என்ற கேள்வி வந்தது. சந்தேகப்படுகிற நோயாளிக்கு ஆஞ்சியோகிராம் வேண்டாம் என்று தள்ளிப்போடுகிற வழக்கம் சில இடங்களில் ஓசையில்லாமல் வந்தது. எந்த இடம் என்று நான் சொல்லப் போவதில்லை. ஆனால் எச்.ஐ.வி. உள்ளவரின் மூளைக் குழாய்ப் படங்கள் எங்கள் பக்கம் ஏன் சேரவில்லை என்று யோசித்தால், முதல் காரணம் அங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஊசியில்லாமல் குழாயைப் பார்க்கும் கருவி எங்கள் ஊர்ப்பக்கம் வரும்வரை அந்தக் கதவு பாதி மூடித்தான் இருந்தது.

இதற்கு நடுவில் சி.டி. வந்தது. லண்டனில் விம்பிள்டன் பக்கம் அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் 1971 அக்டோபர் 1-ஆம் தேதி ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவி முதல் மூளைப் படத்தை எடுத்தது. இசைத்தட்டு விற்ற இ.எம்.ஐ. கம்பெனியின் கருவி அது. எங்கள் மாவட்டத்தில் சி.டி. சாதாரணமானது ரொம்பப் பின்னால். 1993-இல் தென்னார்க்காடு பிரிந்து கடலூரும் விழுப்புரமும் தனித்தனி மாவட்டமான சமயத்தில்கூட, தலையில் அடிபட்டவரை ஜிப்மருக்கு, இல்லாவிட்டால் சென்னைக்கு என்றுதான் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். சிதம்பரத்தில் 1985-இல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி தொடங்கியிருந்ததால் காட்டுமன்னார்கோவில், சீர்காழிப் பக்கத்து ஜனங்களுக்கு அது பெரிய ஆதரவு.

சி.டி. வந்த பிறகு எச்.ஐ.வி. நோயாளிகளும் வந்தார்கள். ஸ்கேன் சீட்டில் நோயின் பெயர் இருக்காது. ஓரத்தில் சின்னதாக 'ஆர்.வி.டி.' என்று எழுதியிருக்கும். ரெட்ரோவைரல் நோய் என்பதன் சுருக்கம். அதைப் பார்த்ததும் சில சென்டர்களில் அந்த நோயாளியைக் கடைசியில் தள்ளிவிடுவார்கள். காலையில் வெறும் வயிற்றோடு வந்தவர் சாயங்காலம் வரை பெஞ்சில் இருப்பார். எல்லாரும் உள்ளே போய்விட்டு வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஏன் என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

அந்தக் காலத்துப் படங்களில் இருந்தது பெரும்பாலும் தொற்றுதான். டாக்ஸோபிளாஸ்மா கிருமியின் கட்டிகள் வளையம் வளையமாகத் தெரியும். டி.பி. மூளைக்காய்ச்சலில் மூளையின் அடிப்பாகம் கான்ட்ராஸ்ட்டில் வெள்ளையாகப் பூக்கும். கிரிப்டோகாக்கஸ் பூஞ்சைக் காய்ச்சலில் சில சமயம் படம் சுத்தமாக இருக்கும், ஆள் மட்டும் போய்விடுவார். பெங்களூர் நிம்ஹான்ஸ் 1989 முதல் 96 வரை பார்த்த நரம்பியல் நோயாளிகளைப் பற்றி 2000-இல் வெளியிட்ட கட்டுரையும் இதையே சொன்னது: இங்கே தொற்றுகளே அதிகம், எச்.ஐ.வி.யால் நேரடியாக வரும் டிமென்ஷியா குறைவு. அமெரிக்காவில் நேவியா, ஜார்டன், பிரைஸ் என்ற மூவர் 1986-லேயே அந்த டிமென்ஷியாவை விரிவாக எழுதியிருந்தார்கள். நம் ஆட்களுக்கு அது வர நேரமே இல்லை. மறதி வருவதற்கு முன்னால் மரணம் வந்துவிட்டது.

மருந்து வந்த கதையைச் சிதம்பரத்துக்காரர்கள் ரயிலோடு சேர்த்துத்தான் நினைவு வைத்திருப்பார்கள். தாம்பரம் சானடோரியம் 1928-இல் டாக்டர் சௌரி முத்து டி.பி.க்காகத் தொடங்கியது. 1990-களில் அங்கே எச்.ஐ.வி. நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டார்கள், டாக்டர் தெய்வநாயகம் காலத்தில் ரசகந்தி மெழுகு, அமுக்கரா சூரணம், நெல்லிக்காய் லேகியம் என்று சித்த மருந்து கொடுத்தார்கள். வேறு எதுவும் இல்லாத காலம் அது. வைரஸை அடக்கும் கூட்டு மருந்து, பெரிய நாட்டுக் கம்பெனிகளிடம் ஆளுக்கு வருஷத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல். 2001 பிப்ரவரியில் சிப்லாவின் யூசுப் ஹமீது 350 டாலருக்குத் தருகிறேன் என்றார். 2004 ஏப்ரல் 1-ஆம் தேதி மத்திய அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கிய 8 மருத்துவமனைகளில் தாம்பரமும் ஒன்று.

அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா என்று பஸ் ஸ்டாண்டு சுவர் முழுக்க விளம்பரம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு போவார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவில், எங்கள் பக்கத்து ஜனங்கள் ராத்திரி மீட்டர் கேஜ் ரயிலில் ஏறி விடிகாலையில் தாம்பரத்தில் இறங்கி, மருந்து வாங்கிக்கொண்டு மறுபடி ஏறினார்கள். பாதையை அகலப்படுத்த ரயிலை நிறுத்திய வருஷங்களில் பஸ். சொந்தக்காரர் யாராவது பார்த்துவிட்டால் "கல்யாணத்துக்குப் போறோம்" என்பார்கள். வைகாசியில் சரி, ஆடியில் என்ன கல்யாணம்? பிறகு மாவட்டத்துக்குள்ளேயே கூட்டு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையம் வந்தது, ரத்தம் சோதிக்கும் நம்பிக்கை மையங்கள் வந்தன, அலைச்சல் குறைந்தது.

மாத்திரையும் மாறிக்கொண்டே வந்தது. ஸ்டாவுடின் சாப்பிட்டவர்களுக்குக் கன்னம் ஒட்டிக் கால் எரிந்தது. கன்னத்தைப் பார்த்தே ஊர் கண்டுபிடித்தது. எஃபவிரென்ஸ் படுக்கப் போகும்போது சாப்பிடுகிற மாத்திரை. மூளைக்குள் நன்றாகப் போகும். தலை கிறுகிறுக்கும், பயங்கரக் கனவு வரும். இப்போது டோலுடெக்ராவிர். எப்படியோ, ஆட்கள் பிழைத்தார்கள். 15 முதல் 24 வயதுப் பெண்களிடம் தென் மாநிலங்களில் தொற்று 2000-க்கும் 2004-க்கும் இடையில் 1.7 சதவீதத்திலிருந்து 1.1 ஆகக் குறைந்ததாக 2006-இல் லான்செட் இதழ் எழுதியது. புதிதாக வருகிறவர்கள் குறைய, பழையவர்கள் வயதாகிக்கொண்டே போனார்கள். நான் சொல்கிற மறதிக்கு இப்போதுதான் நேரம் கிடைத்தது.

மறதியைப் பற்றி ஆராய்ச்சிக்காரர்கள் என்ன சொன்னார்கள்? நம் நாட்டில் பரவியிருப்பது சி வகை வைரஸ். பெங்களூர் ஜவகர்லால் நேரு உயர் ஆய்வு மையத்தில் உதய்குமார் ரங்கா குழுவினர், அதன் டாட் புரதத்தில் 31-ஆம் இடத்தில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாக செரீன் இருப்பதை 2004-இல் காட்டினார்கள். அதனால் மூளைக்குள் வெள்ளணுக்களைக் கூட்டம் சேர்க்கும் வேலை அதற்கு வராது. ஆகவே நம் ஆட்களுக்கு மூளைக் கேடு குறைவு என்று பலருக்கும் ஒரு நிம்மதி. ஆனால் 2007-இல் நிம்ஹான்ஸ் குழு, இன்னும் மருந்து தொடங்காத 119 பேரை உட்காரவைத்துப் பரிசோதித்தது. 60.5 சதவீதம் பேரிடம் லேசானது முதல் நடுத்தரம் வரை குறை இருந்தது. சொல் ஓட்டம், வேலை நினைவு, கற்றுக்கொள்வது இவற்றில். கடுமையானது யாரிடமும் இல்லை. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்த 'லேசானது'. கடுமையானதை ஊர் பார்க்கும். லேசானதை மனைவி மட்டும் பார்ப்பாள்.

அந்த மனைவிகளில் ஒருவரைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். கணவர் கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் மீன் ஏலத்தில் கணக்குப் பிள்ளை மாதிரி. எழுத மாட்டார், எல்லாம் வாயில்தான்: யாருக்கு எத்தனை கூடை, போன வாரப் பாக்கி என்ன, ஐஸ் காசு எவ்வளவு. வயது 48. பல வருஷமாகக் கூட்டு மருந்து, ஒரு நாள் தவறியதில்லை. வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் வைரஸின் அளவு, தெரியவே இல்லை என்று ரிப்போர்ட்.

"சொன்னதையே திருப்பித் திருப்பிக் கேக்குறாரு மேடம். ஏலத்துல இவரு பேரச் சொல்லி ஏமாத்துறானுவ. கேட்டா மாத்திரைச் சூடுங்கறாரு. எங்க கொழுந்தனாரு, அண்ணி, இது குடியாலன்றாரு. குடிச்சு ஆறு வருஷமாச்சு."

அவர் மெஷினில் படுப்பதற்கு முன் மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தார். முடிந்து எழுந்து வந்ததும், "என் மோதிரம் எங்க?" என்றார். மனைவி விரலில் போட்டிருந்ததைக் காட்டினார். சட்டை மாற்றிக்கொண்டு வெளியே வந்தவர் மறுபடி, "மோதிரத்த எங்க வச்ச?"

அவருக்கு எடுத்தது எம்.ஆர்.ஐ.யும் எம்.ஆர். ஆஞ்சியோவும். இப்போது கழுத்து ஊசி கிடையாது, மருந்துகூட வேண்டாம். மெஷின் ஒரே இடத்துக்கு அடுத்தடுத்து ரேடியோ அலையைச் செலுத்திக்கொண்டே இருக்கும். அசையாமல் இருக்கிற மூளைத் திசு அதில் சோர்ந்து சிக்னல் தராமல் கறுத்துவிடும். கீழேயிருந்து புதிதாக ஓடிவருகிற ரத்தம் அந்த அடியை வாங்காதது. அது மட்டும் வெள்ளையாக மின்னும். ஐந்தாறு நிமிஷத்தில் வில்லிஸ் வளையம் முழுதாக ஸ்கிரீனில் சுற்றும். சிதம்பரத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம்: நாலு தேர் வீதி மாதிரி. கீழவீதியை அடைத்தால் வடக்கு வீதி வழியாகச் சுற்றி வரலாம். ஆனால் வீதியிலிருந்து பிரிகிற சந்துக்குள் அடைத்தால் அந்தச் சந்துக்காரனுக்கு வேறு வழியில்லை. இந்த மனிதருக்கு இடது நடுத் தமனி ஓரிடத்தில் இறுகியிருந்தது. அதைவிட, எம்.ஆர்.ஐ. படத்தில் மூளையின் வெண்பொருள் பகுதியில் புள்ளி புள்ளியாக வெண்மை. சின்னக் குழாய்கள் அடைபட்டதன் தடயம்.

ரிப்போர்ட்டில் வந்த வரி: வயதுக்கேற்ற மாற்றங்கள்.

48 வயதுக்கு என்ன வயதுக்கேற்ற மாற்றம்? டாக்டரைக் குறை சொல்லவும் முடியாது. படம் தூரத்தில் ஒரு நகரத்துக்குப் போய், அங்கே ஒருவர் ஒரு நாளில் பார்க்கிற எத்தனையோ படங்களில் ஒன்றாகப் படிக்கப்பட்டது. சீட்டில் 'மறதி' என்று மட்டும் இருந்தது. ஆர்.வி.டி. இல்லை. எச்.ஐ.வி. சட்டம் 2017-இல் இயற்றி 2018 செப்டம்பர் 10 முதல் அமலுக்கு வந்த பிறகு, ஓரத்தில் எழுதுகிற அந்த வழக்கம் குறைந்தது. நல்லதுதான், அந்த மூன்று எழுத்தால் பெஞ்சில் உட்கார்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் எழுதினால் அவமானம், எழுதாவிட்டால் 'வயசு' என்று முடிந்துபோகிறது. நாற்பது வருஷத்தில் நாம் அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி கண்டுபிடிக்கவில்லை. சட்டத்தில் வழி இருக்கிறது: சிகிச்சைக்குத் தேவையென்றால், அந்த நோயாளியைக் கவனிக்கும் ஒரு மருத்துவர் இன்னொரு மருத்துவரிடம் சொல்லலாம். ரிசப்ஷன் பெண்ணும் நானும் படிக்கிற சீட்டில் எழுத வேண்டியதில்லை. ஒரு போன் போதும்.

குழாய்க்கும் எச்.ஐ.வி.க்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்குச் சில விஷயங்கள். வைரஸ் ரத்தத்தில் தெரியாத அளவுக்கு அடங்கினாலும் உடம்பின் அழற்சி முழுதாக அடங்குவதில்லை. குழாயின் உள்வரி அதில் புண்பட்டுக்கொண்டே இருக்கிறது. நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஹோசே கூட்டியெரஸ் குழுவினர் இறந்தவர்களின் மூளைத் தமனிகளை வெட்டிப் பார்த்து ஒப்பிட்டார்கள். எதிர்ப்புச் சக்தி மிகவும் விழுந்திருந்தவர்களிடம் தமனிச் சுவர் மெலிந்து விரிந்திருந்தது. சக்தி மீண்டவர்களிடம் கொழுப்புப் படிந்து தடித்த சுவர் கூடுதலாக இருந்தது. ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டில் லாரா பெஞ்சமின் குழு 2016-இல் வெளியிட்ட ஆய்வில், மருந்து தொடங்கிய முதல் 6 மாதத்தில் பக்கவாத ஆபத்து மிக அதிகம் என்று கண்டார்கள். சாதாரண எம்.ஆர். ஆஞ்சியோவில் குழாயின் உள்ளே ஓடுகிற ரத்தம்தான் தெரியும், சுவர் தெரியாது. ரத்தத்தைக் கறுப்பாக்கிச் சுவரை மட்டும் காட்டுகிற முறை இருக்கிறது. எங்கள் சென்டரில் நான் வேலை பார்த்த வரை அதை யாரும் கேட்டதில்லை, நாங்களும் எடுத்ததில்லை.

2023-இல் சாம் நைட்டிங்கேல் முதலான பலர் கூடி எழுதிய கருத்து எனக்கு நியாயமாகப் படுகிறது. எச்.ஐ.வி. உள்ளவர் தேர்வில் மார்க் குறைத்து வாங்கினார் என்பதற்காக அதை வைரஸ் செய்த கேடு என்று முத்திரை குத்தாதீர்கள். படிப்பு, வறுமை, மனச்சோர்வு, ரத்தக் குழாய் என்று காரணங்கள் பல, அவற்றைத் தனித்தனியாகப் பாருங்கள் என்கிறார்கள். அதே வருஷம் ஜூலையில் வந்தது ரிப்ரீவ் ஆய்வு. இந்தியா உட்பட 12 நாடுகளில், எச்.ஐ.வி.க்கு மருந்து சாப்பிடுகிற 7,769 பேரில் பாதிப்பேருக்கு பிடாவாஸ்டாடின் என்ற கொழுப்பு மாத்திரை, மீதிப்பேருக்கு வெறும் மாத்திரை. உண்மையான மாத்திரை சாப்பிட்டவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 35 சதவீதம் குறைந்தன. முன்கூட்டியே ஆய்வை நிறுத்தும் அளவுக்குத் தெளிவான முடிவு. அந்த மாத்திரை நினைவாற்றலைக் காக்குமா என்பது வேறு கேள்வி. ஆனால் குழாயைக் காக்க முடியும் என்று தெரிந்துவிட்டது.

ஸ்கேன் எடுத்தே காலம் தள்ளியவள் நான். இருந்தும் சொல்கிறேன், இந்த விஷயத்தில் முதல் கருவி ஸ்கேன் இல்லை. மறதியைப் பிடிக்க 2005-இல் அமெரிக்காவிலும் உகாண்டாவிலும் சோதித்து உருவாக்கிய ஓர் எளிய சோதனை உண்டு. நாய், தொப்பி, அவரை, சிவப்பு என்று நாலு சொல்லைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். பிறகு இரண்டு விரலால் 5 நொடி வேகமாகத் தட்ட வேண்டும். அடுத்து கையை முஷ்டியாக வைத்து, விரித்து வைத்து, பக்கவாட்டில் நிறுத்தி, 10 நொடிக்கு மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். அப்புறம் அந்த நாலு சொல் என்னென்ன? மொத்தம் 12 மார்க். 10 அல்லது அதற்குக் கீழே என்றால் மேலே பார்க்க வேண்டும். எழுத்து தெரிந்திருக்கத் தேவையில்லை, மின்சாரம் தேவையில்லை. ஐந்து நிமிஷ வேலை. இதோடு பி.பி., சர்க்கரை, கொழுப்பு, புகை பிடிக்கிறாரா என்ற ஒரு கேள்வி. இதில் ஏதாவது தட்டினால்தான் எங்கள் மெஷின்.

முதுநகர்க்காரருக்கு அதற்கு முன் யாரும் பி.பி. பார்த்ததாக அவர் மனைவிக்கு நினைவில்லை. அன்று பார்த்தபோது மேல் அளவு 170. இப்போது பி.பி. மாத்திரையும் கொழுப்பு மாத்திரையும் ரத்தம் உறையாமலிருக்க ஒரு மாத்திரையும் சாப்பிடுகிறார். மறதி முழுக்கப் போகவில்லை, மோசமாகாமல் நிற்கிறது. ஏலக் கணக்கை மகன் நோட்டில் எழுதுகிறான்.

மாதாமாதம் கூட்டு மருந்து வாங்கப் போகிறவர்களுக்கும் வீட்டில் அவர்களோடு இருப்பவர்களுக்கும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த தடவை போகும்போது கையை நீட்டி பி.பி. பார்க்கச் சொல்லுங்கள், வருஷத்துக்கு ஒரு தடவையாவது சர்க்கரையும் கொழுப்பும் கேளுங்கள். எதை மறக்கிறார், எப்போதிருந்து என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் டாக்டரிடம் கொடுங்கள். வாயால் சொன்னால் 'வயசும்மா' என்று ஒரு வார்த்தையில் முடிந்துவிடும். ஸ்கேன் எழுதிக் கொடுத்தால், எனக்கு என்ன இருக்கிறது என்பதைப் படம் பார்க்கிற டாக்டருக்கு நீங்களே போனில் சொல்லிவிடுங்கள், சீட்டில் எழுதாதீர்கள் என்று கேளுங்கள். அப்படிக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.